சத்தியக்கடதாசி

1

கிளிநொச்சியில் என் நண்பன் தவராசா ஒரு சிறு மாத இதழ் நடத்துகிறான். போன மாதம் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், உன்ர மகள் லண்டனிலை லோயராகப் போறாளாம் எண்டு கேள்விப்பட்டன். எங்கட பிள்ளையளுக்கும் அந்தப் பாதையைச் சொல்லித் தாவன். சும்மா பனி, குளிர், தனிமை எண்டு எழுதாமல் பிரயோசனமா ஒண்டு எழுது."

இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். அதில் பதினெட்டு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். பஸ்காரனிடம் பாதை கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முன்பு சட்டக்காரர் இரண்டு வகை. ஒருவர் பெரக்கிராசி. ஆட்கள் கடதாசிக் கட்டோடு அவர் வீட்டில் போய்க் காத்திருப்பார்கள். காணி உறுதி எழுதுவது, வழக்கைத் தயார்படுத்துவது எல்லாம் அவர். மற்றவர் அப்புக்காத்து. அவர் கோட்டில் எழும்பி நின்று வாதாடுவார். எழுபதுகளில் அரசாங்கம் இரண்டு பேரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்று பெயர் வைத்தது. ஆனாலும் அப்புக்காத்து எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. வாய் காட்டுகிற பிள்ளையை இன்றைக்கும் "வந்திட்டார் அப்புக்காத்து, நியாயம் பிளக்க" என்றுதான் ஏசுகிறோம்.

இங்கிலாந்தில் அந்த இரண்டு பேரும் இன்னும் பிரிந்தே இருக்கிறார்கள். சொலிசிட்டர் என்றால் எங்கள் பெரக்கிராசி. பாரிஸ்டர் என்றால் அப்புக்காத்து. என் மகள் ஆரணிக்கு முதல் ஆசை அப்புக்காத்து ஆவதில்தான். (ஆரணி அவளுடைய உண்மையான பெயர் இல்லை. சட்டத்தரணிக்கு இயைபாக இருக்கட்டும் என்று நான் வைத்தது. எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரை மாற்ற மட்டும் மனம் வரவில்லை.)

பாரிஸ்டர் ஆவதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். வேறு பட்டம் என்றால் அதற்குமேல் சட்டத்தில் ஒரு மாற்றுப் படிப்பு. பிறகு பாரிஸ்டர்களுக்கென்று தனிப் பயிற்சிப் படிப்பு. நாலு பழைய சங்கங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றில் சேர வேண்டும். அங்கே நடக்கும் கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் குறித்த தடவை போனால்தான் பட்டம் தருவார்கள். "சாப்பிட்டுப் பாஸ் பண்ணுற படிப்பை இப்பதான் கேள்விப்படுறன்" என்றாள் மலர், என் மனைவி. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மூத்த பாரிஸ்டரின் கீழ் ஒரு வருடம் பழக வேண்டும். அந்த இடம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. ஆரணி இரண்டு வருடம் எழுதிப் போட்டாள். ஒரேயொரு இடத்தில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். பிறகு அழகான ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

அன்றைக்கு அவள் அழவில்லை. நான்தான் காலைப் பஸ்ஸில் ஒரு தரிப்பிடத்தைத் தவறவிட்டு ஒரு கிழவியிடம் ஏச்சு வாங்கினேன்.

2

சொலிசிட்டர் பாதை கொஞ்சம் அகலம். ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும், சட்டப் பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு கட்டமாகப் பொதுப் பரீட்சை. முதலாவது, சரியான விடையைத் தெரிவு செய்வது. இரண்டாவதில் ஒரு கட்சிக்காரரோடு நேரில் பேசிக் காட்டச் சொல்வார்கள், கடிதம் எழுதச் சொல்வார்கள். அதோடு இரண்டு வருட வேலை அனுபவம். அதை நாலு இடம் வரை பிரித்தும் செய்யலாம், ஆனால் ஒரு சொலிசிட்டர் அதை உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். இலங்கையில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்தவர்களும் இதே பரீட்சையை எழுதலாம். அவர்கள் சில விலக்குகள் கேட்டுப் பார்க்கலாம். கிளிநொச்சிப் பிள்ளைகளே, இது உங்களுக்கு: ஆங்கிலத்தை இன்றைக்கே பிடியுங்கள். சட்டம் பிறகு வரும்.

ஆரணிக்குத் தமிழ் ஆட்கள் நிறைய வருகிற ஒரு சிறு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தமிழ்ப் பெயர் இருக்கிறது, தமிழ் தெரியும் என்று எடுத்துவிட்டார்கள். அவளுடைய தமிழோ "அம்மா பசிக்குது", "அப்பா வாறன்" அளவில் நிற்கிற தமிழ். மூன்று வயதில் இங்கே வந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போனேன். பிறகு நீச்சல் வந்தது, பியானோ வந்தது, அதற்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டேன். யாரில் பிழை என்று பிரித்துச் சொல்ல இப்போது என்னால் முடியாது.

வேலையில் முதல் கிழமை எழுபது வயது மனிதர் ஒருவர் வந்தாராம். வட்டக்கச்சிக்காரர். அவரைப் பார்த்து இவள் மரியாதையாகக் கதிரையைக் காட்டி, "நீ இரு" என்றிருக்கிறாள். அந்த மனிதர் சிரித்துவிட்டு இருந்தாராம். "பறுவாயில்லை பிள்ளை, என்ர பேத்தியும் இப்பிடித்தான்." பிறகு, "எனக்குச் சத்தியக்கடதாசி ஒண்டு முடிக்கவேணும்" என்று சொல்லியிருக்கிறார். இவள் எல்லாம் விளங்கியது போலத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள்.

"அப்பா, சத்தியக்கடதாசி எண்டா என்ன?"

"அபிடவிட், பிள்ளை. ஒரு விசயம் உண்மை எண்டு சத்தியம் பண்ணி, கையெழுத்து வைச்சுக் குடுக்கிறது."

அவளுக்கு அந்தச் சொல் மெத்தப் பிடித்துப்போனது. சத்தியம் என்றால் சத்தியம், கடதாசி என்றால் கடதாசி, எவ்வளவு நேராக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்து நடந்து அதைச் சொல்லிப் பார்த்தாள். மலர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

இந்த வருடம் ஆரணி இரண்டாம் பரீட்சையும் பாஸ். வேலை அனுபவமும் முடிந்தது. இனி ஒரு விண்ணப்பம் மட்டும்தான் பாக்கி. அந்த விண்ணப்பத்தில் ஒழுக்கமும் தகுதியும் என்று ஒரு பகுதி இருக்கிறது. சனிக்கிழமை காலையில் தேத்தண்ணியோடு மேசையில் இருந்து, பகிடியாக அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். குற்றம் செய்திருக்கிறாயா? பரீட்சையில் பார்த்து எழுதியிருக்கிறாயா? எந்த அதிகாரிக்காவது பொய்யான தகவல் கொடுத்திருக்கிறாயா? உன் நேர்மையைப் பற்றி நாங்கள் அறிய வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?

ஒவ்வொன்றுக்கும் "நோ", "நோ" என்று தாளம் போட்டுச் சொன்னாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்து, ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீங்கள் ஏதாவது கள்ளம் செய்தனீங்களோ? இப்பவே சொல்லுங்கோ."

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது.

3

பிரயோசனமான கட்டுரை இத்தோடு முடிந்தது. தவராசா, மிச்சத்தைப் போடுவதா விடுவதா என்று பிறகு பார்ப்போம்.

ஆரணி என் மகள் இல்லை. என் தங்கச்சி வதனியின் மகள்.

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சிப் பக்கத்தில் ஊர் ஊராக எழும்பி ஓடிய காலத்தில் நாங்கள் உருத்திரபுரத்திலிருந்து அக்கராயன் பக்கம் போனோம். கிடுகும் தறப்பாளும் போட்ட ஒரு கொட்டில். நான், மலர், வதனி, அவளுடைய புருசன் ரவி. எனக்கும் மலருக்கும் கலியாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. வதனி நிறைமாதமாக இருந்தபோது ரவி, "மாடுகளை ஒருக்கா அவிட்டு விட்டிட்டு வாறன்" என்று உருத்திரபுரத்துக்குச் சைக்கிளில் போனான். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. எங்களோடு இடம்பெயர்ந்திருந்த அயல்வீட்டுப் பூமணியக்கா பிரசவம் பார்த்துப் பிள்ளையை எடுத்தா. பதினோராம் நாள் வதனிக்குக் காய்ச்சல் தொடங்கியது. மலேரியா என்றார்கள். மருந்து வருகிறது, வருகிறது என்றார்கள். கடைசியாக அவள் தெளிவாகச் சொன்னது மலரிடம்தான்: "மச்சாள், பிள்ளை அழுறாள். தூக்குங்கோ."

மலர் தூக்கினாள். அதற்குப் பிறகு இறக்கி வைக்கவே இல்லை.

பிறப்பைப் பதிய அன்றைக்கு அங்கே ஒரு கந்தோரும் ஒழுங்காக நடக்கவில்லை. சமாதானம் என்று சொல்லி ஏ-நைன் பாதை திறந்தபோது பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அந்த நேரம் வெளிநாடு போக எங்களுக்கு ஒரு வழி திறந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. முறைப்படி தத்து எடுக்கலாம் என்றால் தாயின் மரணப் பத்திரம் கேட்டார்கள். தாயின் மரணத்தைப் பதியக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். கிராம சேவகர் இடம்பெயர்ந்து எங்கோ. தகப்பன் உயிரோடு இல்லை என்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. தகப்பன் இருக்கிறான் என்றால் அவனுடைய சம்மதம் வேண்டும். நான் அதற்கு முன் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். ஊராருக்கு எத்தனையோ விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன். எந்தக் கதவு எந்தக் கதவுக்குப் போகும் என்று தெரிந்தவன். அந்த முறை எல்லாக் கதவும் ஒன்றுக்குள் ஒன்று சுற்றி வந்தன.

அப்போதுதான் வவுனியாவில் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு ஒரு சத்தியக்கடதாசி எழுதினேன். என் கையாலேயே எழுதினேன், என்ன வசனம் போட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "பயபக்தியுடனும் உண்மையுடனும் நேர்மையுடனும் வெளிப்படுத்தி உறுதிப்படுத்துவதாவது..." என்று தொடங்கி, மேற்படி பிள்ளை எனக்கும் என் மனைவிக்கும் உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் பிறந்தது என்று முடித்தேன். மூன்று வரி. அதில் உருத்திரபுரமும் பொய், வீடும் பொய்.

சமாதான நீதவான் ஒரு ஓய்வுபெற்ற மாஸ்டர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"எல்லாம் உண்மைதானே, தம்பி?"

"ஓம் மாஸ்டர்."

மலரின் இடுப்பில் பிள்ளை நித்திரை. மாஸ்டர் அவர்களையும் பார்த்தார். முத்திரையை ஊதிவிட்டு அழுத்தினார். ஆரணிக்கு இந்த உலகத்தில் கிடைத்த முதல் கடதாசி அதுதான். அவளுடைய மற்ற எல்லாக் கடதாசியும், இந்த நாட்டுக் குடியுரிமை வரைக்கும், அதற்கு மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

4

மலர் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் இன்று வரைக்கும் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவள் சொல்கிறாள்.

இங்கே வந்து இறங்கியதும் விசாரணை. இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்டார்கள். மலரிடம் அதிகாரி ஏதோ கேட்க, மொழிபெயர்க்க வந்தவர், "இது உங்கள் சொந்தப் பிள்ளையா?" என்று கேட்டிருக்கிறார். மலர் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்தான் சொன்னாளாம்.

"சொந்தம்தான்."

சொந்தம் என்றால் எங்களுக்குச் சொந்தக்காரரும் சொந்தம்தானே? புருசனின் தங்கச்சி பிள்ளை சொந்தம் இல்லாமல் வேறென்ன? மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் "ஓம், இவளுடைய பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டார். தமிழில் உண்மையாக இருந்த ஒரு சொல் மேசையின் அந்தப் பக்கம் போவதற்குள் பொய்யாகிவிட்டது. அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த அறையில் யாருமே வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆனால் கடதாசியில் பொய் ஏறிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக மலர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் எதைப் பிடிப்பது? பயபக்தியுடனும் உண்மையுடனும் என்று எழுதியது நான்.

நாலு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனோம். ஆரணிக்கு அதுதான் முதல் தடவை. வேண்டாம், வேண்டாம் என்று எத்தனையோ வருடம் சாக்குச் சொல்லிக் கடத்தினேன், கடைசியில் அவளே டிக்கெட் போட்டுவிட்டாள். உருத்திரபுரத்தில் பூமணியக்கா இருக்கிறா. முன்கூட்டியே தொலைபேசியில் கெஞ்சி வைத்திருந்தேன். அவாவும், "நான் ஏன் வாய் திறக்கப் போறன்" என்று சொல்லியிருந்தா. ஆனால் ஆரணி படலையைத் திறந்து உள்ளே வந்ததும் அவாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"ஐயோ, தாயை உரிச்சு வைச்ச மாதிரி!"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதா. ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உரிக்கிறது என்றால் வெங்காயம் உரிப்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். இவ ஏன் உரிப்பதைப் பற்றிச் சொல்லி அழுகிறா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீ அம்மா மாதிரியே இருக்கிறாயாம்" என்றேன்.

அவள் மலரைப் பார்த்தாள். மலர் கட்டை, கறுப்பு, வட்ட முகம். ஆரணி நெடுப்பம், நீள மூக்கு. "என்னப்பா இவ, கண் தெரியாதோ?" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். மலரும் சிரித்தாள். பக்கத்தில் எங்கள் பழைய வளவின் பின்பக்கத்தில் வதனி நட்ட மாதுளை இன்னும் நிற்கிறது. ஆரணி அதன் கீழே நின்று ஒரு செல்பி எடுத்தாள்.

5

ஏன் சொல்லிவிடக் கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆரணி அந்த விண்ணப்பத்தில் "இல்லை" என்று போட்ட ஒவ்வொரு புள்ளடியும் இன்றைக்கு உண்மை, ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. நான் வாய் திறந்த அந்த நிமிசத்திலிருந்து அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு "இல்லை" என்று போட்டால் அவள் பொய் சொன்னவள் ஆகிறாள், அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. தெரிந்துகொண்டு "ஓம்" என்று போட்டால் என்ன நடக்கும்? அவளுடைய குடியுரிமையைத் தோண்டுவார்களா? எங்களுடையதைத் தோண்டுவார்களா? மூன்று வயதுப் பிள்ளை செய்யாத பிழைக்கு அவளை மறிப்பார்களா? எனக்குத் தெரியாது. சில வேளை ஒன்றுமே நடக்காது. இதைக் கேட்டு அறிய எனக்கு நெருக்கமாக ஒரு சட்டக்காரர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சட்டக்காரி அவள்தான்.

ஒரு வியாழக்கிழமை, நூலகத்தில் இலவசச் சட்ட ஆலோசனை என்று அறிவித்தல் பார்த்துப் போனேன். என் கதையை வேறொருவனின் கதை போல மாற்றி, ஆங்கிலத்தில் நாலு வசனமாக ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். முறை வந்து திரைக்குப் பின்னால் போனால் இருந்தது ஆரணியோடு ஒன்றாகப் படித்த பிள்ளை. எங்கள் வீட்டில் எத்தனை தரம் இடியப்பம் சாப்பிட்டிருக்கிறாள். "அங்கிள்!" என்று எழும்பிக் கட்டிப்பிடித்தாள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். நான் துண்டைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனின் வேலி பற்றி ஒரு கேள்வி கேட்டேன். எங்களுக்குப் பக்கத்தில் வேலியே கிடையாது. பாவம், அந்தப் பிள்ளை இருபது நிமிடம் வேலிச் சட்டம் விளங்கப்படுத்தியது.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன விசரே?" என்றாள். "பெத்தவள் என்னட்டைத் தந்திட்டுப் போனவள். நான் வளர்த்தனான். இதிலை என்ன கள்ளம்?"

"கள்ளம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் வதனி எண்டு ஒருத்தி இருந்தவள் எண்டாவது அந்தப் பிள்ளைக்குத் தெரியவேணாமோ?"

மலர் ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள். "தெரிஞ்சால் என்னை என்னெண்டு கூப்பிடுவாள்?" என்று கேட்டாள்.

அவளுடைய பயம் அதுதான். விண்ணப்பமும் இல்லை, குடியுரிமையும் இல்லை. இதற்கு எந்தச் சட்டக்காரரிடம் போவது? எனக்கு மலரில் கோபம் வரவில்லை. என்னில்தான் வந்தது, அதுவும் ஒன்றுக்கும் உதவாத கோபம்.

ஆகவே கொப்பியில் எழுதுகிறேன். ஆரணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருபது வருடமாக நான் எழுதிய எதையும் இந்த வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. அதை நினைத்து எத்தனையோ நாள் நெஞ்சு நொந்தவன், இப்போது அதே நினைப்பில்தான் துணிந்து எழுதுகிறேன்.

6

இந்தக் கடைசிப் பகுதியைத் தனிக் கடதாசியில் எழுதுகிறேன். பஸ் தரிப்பு நிலையத்தில் சாரதிகள் இளைப்பாறும் அறையில் இருக்கிறேன். கொப்பி ஆரணியிடம் இருக்கிறது.

நடந்தது இதுதான். அவள் வேலை செய்யும் இடத்தில், தமிழை ஒழுங்காகப் படித்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். வட்டக்கச்சி ஐயாவுக்கு "நீ இரு" என்றதும் அவள் மனதில் கிடந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லாமல், எங்களை அதிசயப்படுத்த வேண்டும் என்று, ஆறு மாதமாகப் பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு ஒன்றுக்கு இணையத்தில் போயிருக்கிறாள். போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேசையில் கிடந்த என் கொப்பியை எடுத்தாள்.

"அப்பா, நான் தமிழ் வாசிப்பன். பாருங்கோ."

முதல் பக்கத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, "ச... த்... தி... ய..." என்று போய் நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "சத்தியக்கடதாசி! இது எனக்குத் தெரியும்!"

மலர் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"தா பிள்ளை" என்று கையை நீட்டினேன். "என்ர எழுத்துக் கூடாது. வடிவாப் பிரதி எடுத்துத் தாறன்."

"வேண்டாம், வேண்டாம். கையெழுத்துத்தான் வாசிச்சுப் பழகவேணும் எண்டு டீச்சர் சொன்னவா. ஒரு நாளைக்கு ஒரு பந்தி."

பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டிருப்பாள். இந்தக் காலத்தில் கைபேசியைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துவிடும். ஆனால் என் எழுத்து அதற்குப் பிடிபடவில்லையாம், பிடிபட்டாலும் தனக்கு வேண்டாமாம், தானே வாசித்து முடிக்கப் போகிறாளாம். கொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ரயிலில் வாசிக்கிறாள். விளங்காத சொல் வந்தால் எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். திங்கள், "இதழ் எண்டா என்னப்பா?" என்று கேட்டாள். செவ்வாய், "பிரயோசனம்?" நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன். வேறென்ன செய்ய?

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, முதல் ஐந்து பகுதியையும் முன்பே படம் பிடித்துத் தவராசாவுக்கு அனுப்பியிருந்தேன். நான் சொல்லும் வரை போடாதே என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் இன்னும் போகவில்லை. அவளுடைய மேலதிகாரி லீவில் நிற்கிறார், அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை அவர் வந்துதான் கையெழுத்து வைக்க வேண்டும். நான் பந்திகளை எண்ணிப் பார்த்தேன். முதலாம் பகுதியில் எத்தனை, இரண்டாம் பகுதியில் எத்தனை என்று விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் பகுதிக்கு வரமாட்டாள். ஆனால் அவள் பிடிவாதக்காரி. வதனியும் அப்படித்தான், ஒன்றைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டாள். நேற்று ஆரணி ஒரே நாளில் நாலு பந்தி முடித்துக் குதிரைக் கொம்புக்கு வந்துவிட்டாள்.

கொப்பியில் என்ன இருக்கிறது என்று மலருக்குச் சொல்லியிருந்தேன். இன்று காலையில் மலர் எனக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் தரும்போது, "அவள் வாசிக்கட்டும்" என்றாள். கை மட்டும் பெட்டியை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. அவள்தான். பின்னால் ரயில் சத்தம்.

"அப்பா, ஒரு கேள்வி. நீங்கள் எழுதுற ஆரணி... பேர் மாத்தினது எண்டு இருக்கு. ஆனா பஸ், அம்மா, சொலிசிட்டர் எல்லாம் இருக்கு." சிரித்தாள். "இது சும்மா கதையோ? இல்லாட்டி ஆரணி நான்தானோ?"

கதை என்று சொல்லியிருக்கலாம். அவளே அந்தச் சொல்லை எடுத்து என் கையில் தந்தாள். வவுனியாவில் மாஸ்டருக்கு முன்னால் நின்றது நினைவுக்கு வந்தது. அவரும் இப்படித்தான் கேட்டார்.

"ஓம் பிள்ளை" என்றேன். "நீதான்."